துப்பாக்கி வேண்டாம், வாத்தியார் அம்மா வேண்டும்!

(திருநெல்வேலி டவுணில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு உள்கடன், சந்தா, வங்கிக் கணக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி வேறொரு விஷயம். போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பீடி சுற்றி மகளைக் காலேஜுக்கு அனுப்பியவர். பஸ்ஸில் இரண்டு பையன்கள் தினமும் பின்னாலேயே வந்து தொந்தரவு செய்ததால் அந்தப் பிள்ளை, "நான் இனிமே போகலம்மா" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டது. அந்த அக்கா மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏ தங்கச்சி, நாம ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்க முடியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. அதனால் நானும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பதிலைத் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அதற்குக் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் ஜெயில். 21 வயது ஆகாதவர்களுக்கு உரிமம் கிடையாது. மனு போட வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும், உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்றிதழும் 2016-ஆம் வருடத்து விதிகளில் வந்துவிட்டது. கிடைத்தாலும் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டி வரலாம்.

விலையையும் கேளுங்கள். டெல்லியில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு தொழிற்சாலை பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. எடை அரைக் கிலோ. அப்போதே விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! இந்தக் காசுக்கு நம்ம குழுவில் எத்தனை பேருக்கு ஆடு வாங்கிக் கொடுக்கலாம்?

சரி, காசு இருக்கிறது, உரிமமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யாரைச் சுடுவது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் கணக்கு வெளியிடுகிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் பெரிய பங்கு, கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைதான். பாலியல் வன்கொடுமை வழக்குகளிலும் மிகப் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான் குற்றவாளி. வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் அது யார் கைக்கு முதலில் போகும்? குடித்துவிட்டு வருகிற ஆள் கைக்குத்தானே! சின்னப் பிள்ளை எடுத்து விளையாடினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் சாதாரண மக்களுக்கே துப்பாக்கி வைத்திருக்க உரிமை இருக்கிறது. தற்காப்புக்குச் சுடக் கற்றுக்கொடுக்கச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்கள் அங்கே உண்டு. பெண் ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் முதல் வகுப்பில் சுடச் சொல்லிக் கொடுப்பதில்லை. நாலு விதிகளைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை. சுட விரும்பாத பக்கம் நீட்டாதே. சுட முடிவு செய்யும் வரை விசையில் விரல் வைக்காதே. இலக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார். அங்குள்ள பெரிய துப்பாக்கிச் சங்கமே 1993-இல் பெண்களுக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தது. அதில் துப்பாக்கியே கிடையாது. வீட்டுப் பூட்டு, தெரு விளக்கு, போன், கவனம், இவைதான் பாடம். ஆக, துப்பாக்கி சொல்லிக் கொடுப்பவர்களே கவனத்தையும் நிதானத்தையும்தான் முதலில் வைக்கிறார்கள்.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசத்தில் பாக்பத் மாவட்டம், ஜோரி கிராமம். சந்த்ரோ தோமர் என்று ஒரு பாட்டி. 1999-இல் பேத்தியைத் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் சேர்க்கத் துணைக்குப் போனார். அப்போது அவருக்கு 65 வயது தாண்டிவிட்டது. பேத்திக்கு உதவி செய்யத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவர், குறி தவறாமல் சுட்டுவிட்டார். பிறகு வீட்டு ஆண்களுக்குத் தெரியாமல் பயிற்சி எடுத்தார். கை நடுங்காமல் இருக்க, தண்ணீர் நிறைந்த கூஜாவை நீட்டிப் பிடித்துப் பழகினார். நாம் தாமிரபரணியில் இருந்து குடம் தூக்கின கை இல்லையா? நம் கை மட்டும் நடுங்குமா?

அவருடைய ஓரகத்தியான பிரகாஷி தோமரும் சேர்ந்துகொண்டார். இருவரும் முக்காடு போட்டபடியே போட்டிகளுக்குப் போய் ஏராளமான பதக்கம் வாங்கினார்கள். பதக்கத்தை விடப் பெரிய விஷயம், அவர்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததுதான். வீடு வீடாகப் போய், "பிள்ளையை அனுப்புங்க" என்று கேட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் ராணுவத்திலும் போலீஸிலும் வேலைக்குப் போனார்கள். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-இல் உலகக் கோப்பைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். சந்த்ரோ பாட்டி 2021 ஏப்ரல் 30 அன்று கொரோனாவில் காலமானார். அவர் விட்டுப்போனது துப்பாக்கி அல்ல சகோதரிகளே, நிமிர்ந்து நடக்கிற ஒரு ஊர்ப் பிள்ளைகள்.

பக்கத்துக் கேரளத்தில் வடகரையில் மீனாட்சி அம்மாவைப் பாருங்கள். 7 வயதில் களரி கற்க ஆரம்பித்தவர். பாட்டி வயதிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் இருந்து நான் சொல்வது இதுதான். நமக்குத் தேவை துப்பாக்கி இல்லை. நம் குழுவில் இருந்தே ஒரு தற்காப்புப் பயிற்றுநர் தேவை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெளியூரில் இருந்து யாராவது வந்து மேடையில் நாலு அடி அடித்துக் காட்டிவிட்டுப் போனால் போதாது. நாம் கைதட்டிவிட்டு மறந்துவிடுவோம். நம் தெருவிலேயே இருப்பவர் வாரம் இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால்தான் உடம்பில் ஏறும்.

எப்படி ஆவது? கராத்தேயோ சிலம்பமோ, நமக்குப் பக்கத்திலேயே வகுப்பு இருக்கிறது. கராத்தேயில் கருப்புப் பெல்ட் வரை போகச் சில வருடம் ஆகும். அதன் பிறகுதான் சொல்லிக் கொடுக்கும் தகுதி. சான்றிதழ் தருவது பதிவு பெற்ற சங்கமா என்று முதலிலேயே விசாரியுங்கள். "பணம் கட்டுங்க, ஒரே நாளில் சர்டிபிகேட்" என்பவரிடம் ஏமாறாதீர்கள். இதில் வருமானமும் உண்டு. அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு 3 மாதத் தற்காப்புப் பயிற்சி கொடுக்க, சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வரை ஒதுக்க விதி இருக்கிறது. அந்த வேலைக்கு நம் பெண்கள் ஏன் போகக் கூடாது?

பயிற்றுநர் சட்டமும் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. நம் உடம்பைக் காப்பாற்றவும், அடுத்தவர் உடம்பைக் காப்பாற்றவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் காப்பாற்றத் தேவையான அளவுக்கு மேல் அடிக்கக் கூடாது. அவன் ஓடிவிட்டால் துரத்திப் போய் அடிப்பது தற்காப்பு ஆகாது. போன் நம்பர்களும் மனப்பாடமாக இருக்கட்டும்: பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். சமூகப்பணி படித்தவள், மேடையில் பேசுகிறவள்தான். ஆனாலும் முதல் நாள் வகுப்பில், "சத்தம் போடுங்க" என்றபோது எனக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை. மெதுவாகப் பேசு, தலை குனிந்து நட என்றே வளர்த்த தொண்டை அது. மூன்றாவது வாரம்தான் சத்தம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போன நடையே வேறு.

அந்த அக்காவின் மகள் இன்னும் காலேஜுக்குப் போகவில்லை. ஸ்டேஷனில் புகார் கொடுக்க நானும் கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரத்தில் இருந்து அந்தத் தெருவில் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போவது என்று தாய்மார்கள் முடிவு செய்திருக்கிறார்கள். அவளை முதல் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். "யோசிச்சிச் சொல்லுதேன் அக்கா" என்றாள்.

நீங்களும் யோசியுங்கள். ஆனால் அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். வயது தடையில்லை. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் வந்தால் இன்னும் சந்தோஷம்.