ஏரி வற்றினால் யாருக்கு நஷ்டம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



இன்றைக்கு சேமிப்பு, கடன் வசூல் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது படகு பற்றி. சிரிக்காதீங்க. படகுக்கும் நம்ம கடன் தவணைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது.

ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல், ஊட்டி எங்கே போனாலும் ஏரிதான் கூட்டம் சேருகிற இடம். இவை பெரும்பாலும் மனிதன் தேக்கிய தண்ணீர்தான். ஊட்டி ஏரியை 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கினார். கொடைக்கானல் ஏரியை 1863ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கினார். படகில் ஏற வருகிறவர்கள்தான் கரையில் மக்காச்சோளம் வாங்குகிறார்கள், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், மாங்காய்க் கீற்று வாங்குகிறார்கள். படகு நின்றால் அந்தக் குடும்பங்கள் ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடும். டிக்கெட் நஷ்டத்தைப் படகு இல்லம் கணக்கில் எழுதும். நம்ம அடுப்பு நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, கவனிங்க. சீசன் வருவது ஏப்ரல், மே மாதம். ஏரியில் தண்ணீர் குறைவதும் அதே மாதங்களில்தான். நமக்கு வருமானம் வரவேண்டிய நேரமும், ஏரி வற்றுகிற நேரமும் ஒன்றாகவே வருகிறது. மழை நன்றாகப் பெய்த வருடம் இது தெரியாது. பொய்த்த வருடம்தான் முழுசாகத் தெரியும். 2016ல் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய தமிழ்நாட்டில் 168 மில்லிமீட்டர்தான் பெய்தது. 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது.

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 ஏக்கர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்க. கோடையில் வெயிலும் காற்றும் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறது என்று வைப்போம். 5 மில்லிமீட்டர் என்றால் அரை சென்டிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. ஆனால் 20 ஏக்கருக்கும் சேர்த்தால் ஒரு நாளைக்கு சுமார் 4 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் 40 லாரி தண்ணீர்! மூன்று மாதத்தில் ஒன்றரை அடி இறங்கிவிடும். இது ஆவியாவது மட்டும். நிலத்துக்குள் இறங்குவதும், சுற்றிலும் போர் போட்டு உறிஞ்சுவதும் தனி.

இரண்டு அடி தண்ணீர் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஏரிக்கரை செங்குத்தாக இருக்காது, சரிவாக இருக்கும். 20 அடிக்கு ஒரு அடி சரிவு என்றால், 2 அடி நீர் இறங்கும்போது தண்ணீர் 40 அடி பின்னால் போய்விடும். இறங்குதுறை சேற்றில் நிற்கும், படகு தூரத்தில் நிற்கும். மோட்டார் படகின் விசிறி சேற்றில் இடிக்கும், பாசியில் சிக்கும். பிறகு மிதி படகு நிற்கும். துடுப்புப் படகு கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். அதற்குள் தண்ணீர் பச்சை நிறமாகி நாற்றம் எடுக்கும், மீன் செத்து மிதக்கும். கழிவுநீர் கலக்கிற ஏரியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய அழுக்கு கெட்டியாகும்.

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் ஹூவர் அணையால் உண்டான மீட் ஏரி, கொள்ளளவில் அந்த நாட்டிலேயே பெரிய நீர்த்தேக்கம். பல வருட வறட்சியில் அது 2022 ஜூலையில் கொள்ளளவில் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. படகு இறக்குகிற சரிவுப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்ணீரைத் துரத்திக்கொண்டு பாதையை நீட்டினார்கள், படகுத் துறையை இடம் மாற்றினார்கள், சில துறைகளை மூடியே விட்டார்கள். பாதையைப் பணத்தால் நீட்ட முடிந்தது. தண்ணீரை நீட்ட முடியவில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீரைப் பார்த்துக் கடன் வாங்குங்க. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஏறக்குறைய முடிந்துவிடும். கரையில் ஒரு கல்லில் வருடாவருடம் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்க. ஜனவரியில் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், அந்த சீசனுக்குக் கடை பெரிதாக்கக் கடன் வாங்காதீங்க.

இரண்டாவது, தவணையை வருமானத்துக்குத் தக்கபடி பிரியுங்க. 12,000 ரூபாய் உள்கடனை மாதம் 1,000 என்று 12 மாதம் கட்டுகிறோம். அதையே வியாபாரம் நன்றாக நடக்கிற 4 மாதம் 2,000, மந்தமான 8 மாதம் 500 என்று பிரித்தாலும் அசல் 12,000 வந்துவிடும். வட்டி தனி. குழுவில் தீர்மானம் போட்டால் போதும். வங்கிக் கடன் என்றால் தவணை தவறுவதற்கு முன்பே மேலாளரிடம் எழுதிக் கொடுங்க. கந்துவட்டிக்காரர் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் குழுக் கூட்டத்துக்கு வாங்க.

மூன்றாவது, வற்றிய ஏரியை வாய்ப்பாகப் பாருங்க. தண்ணீர் நிற்கும்போது தூர் வாருவது கடினம். காய்ந்த நேரம்தான் வண்டல் எடுக்க ஏற்ற நேரம். 2017ல் குடிமராமத்துத் திட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை அரசு எடுத்தது. அதே வருடம் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளவும் அனுமதி கொடுத்தது. முறையாக அனுமதி வாங்கி எடுத்தால் ஏரி ஆழமாகும், நம்ம வயலுக்கும் உரம். ஆனால் தூர் வாரினால் மட்டும் போதாது. வரத்துக் கால்வாய் அடைத்திருந்தால் ஆழமான ஏரியும் வெறும் பள்ளம்தான். மழைக்கு முன்னால் கால்வாய் ஓரமாக நடந்து பாருங்க. எங்கே குப்பை, எங்கே புதர், எங்கே ஆக்கிரமிப்பு என்று எழுதுங்க. அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குப் போங்க. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் கிராம சபை உண்டு. மனு எழுதி, தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

நான்காவதுதான் கஷ்டமானது. தண்ணீர் இறங்கும்போது, மதகை மூடுங்க, போர் தண்ணீரை ஏரிக்கு விடுங்க, படகு ஓடணும் என்று கேட்கத் தோன்றும். கரையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு அது நியாயமாகவே படும். ஆனால் அந்த மதகுக்குக் கீழேயும் ஒரு குழு இருக்கிறது. அந்த போரை நம்பியும் நாலு தெரு குடத்தோடு நிற்கிறது. முதலில் குடிக்க, அடுத்து ஆடு மாட்டுக்கு, பிறகு பயிருக்கு, கடைசியில்தான் படகுக்கு. இந்த வரிசையை நாம் மாற்றிக் கேட்டால், பெண்களுக்குப் பெண்களே எதிரியாகிவிடுவோம். அதே நேரத்தில், விட்டுக்கொடுக்கிற கடைக்காரச் சகோதரி மட்டும் தனியாக நஷ்டப்படக் கூடாது. அவருக்குத் தவணை தள்ளிவைப்பதும், அவசர நிதியிலிருந்து கை கொடுப்பதும் கூட்டமைப்பின் கடமை. இரண்டு பக்கத்தையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசத்தான் கூட்டமைப்பு என்று ஒன்று வைத்திருக்கிறோம்.

ஆகவே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று தகவல் கொண்டு வாங்க. உங்கள் ஊர் ஏரியில் இன்றைய நீர்மட்டம் என்ன? வரத்துக் கால்வாயில் எத்தனை இடத்தில் அடைப்பு? ஏரியை நம்பித் தொழில் செய்கிற உறுப்பினர் எத்தனை பேர், அவர்களுக்குக் கடன் பாக்கி எவ்வளவு? இந்த மூன்றும் கையில் இருந்தால், கோடை வருவதற்கு முன்னால் நாம் தீர்மானம் போட்டுவிடலாம்.