இன்ஜின் வாங்கும் முன்னே

சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஊரே வரும். என் கண் மட்டும் சக்கரத்தடியில் கட்டை போடுகிற ஆட்களை விட்டு நகராது. இழுக்க ஆயிரம் கை, நிறுத்த நாலு பேர். காருக்கு வேறு இன்ஜின் போட வேண்டும் என்று என் ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்களிடம் இந்தத் தேர்க்கதையைத்தான் முதலில் சொல்வேன். பாதிப் பேர் அப்போதே சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் பக்கம் மாற்று இன்ஜின் என்றால் அது அம்பாசிடர்தான். அதன் பெட்ரோல் இன்ஜின் 1489 சி.சி. கம்பெனியே டீசல் கொடுத்தது, அதுவும் அதே 1489 சி.சி.தான். ஐந்து பேரை ஏற்றி, கேரியரில் பெட்டியையும் கட்டி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்காற்றில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் மூச்சிரைப்பு தெரியும். கன்னியாகுமரி டாக்சிக்காரர்கள் அதனால்தான் மெட்டடோர் வேன் இன்ஜினைத் தேடினார்கள். பஜாஜ் டெம்போ செய்தது, பென்ஸ் வழி வந்தது, 2.4 லிட்டர். கட்டை வண்டிக்கு யானை பூட்டின மாதிரி.

யானையைப் பூட்ட நுகத்தடி வேண்டுமே. அங்கேதான் எனக்குப் பிடித்த வேலை தொடங்குகிறது. இன்ஜின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் இன்னொரு கம்பெனி, போல்ட் துளைகள் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஒரு இரும்புத் தகடு போட்டு இரண்டையும் சேர்ப்போம், அடாப்டர் பிளேட் என்போம். முதலில் காலண்டர் அட்டையில் கிரீஸ் தடவி இன்ஜினின் பின்முகத்தில் அழுத்தி அச்செடுப்பேன். மறுபக்கத்துக்கு இன்னொரு அட்டை. அப்புறம் கோட்டாற்று லேத்துக்கு ஓடுவேன். கிராங்க் ஷாஃப்டின் நடுவும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஐந்து தௌ விலகினாலே எனக்குத் தூக்கம் வராது. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். விலகினால் கிளட்ச் பிளேட் தேயும், பைலட் பேரிங் கத்தும், ஆறே மாதத்தில் வண்டி திரும்பி வரும். டயல் கேஜ் முள் அசையாமல் நின்ற அன்று லேத்துக்காரருக்கும் எனக்கும் பொரித்த மீனோடு சோறு.

என் ஆசான் காலத்தில் ஓர் அண்ணாச்சி, நல்ல விலைக்குக் கிடைத்தது என்று சொல்லி, அளவெடுக்காமலே இன்ஜினை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். இறக்கிப் பொருத்தினால் இன்ஜினடி ஆயில் தொட்டியான சம்பு போய் ஸ்டியரிங் ராடில் உட்கார்ந்தது. தூக்கினால் பானட் மூடவில்லை. சம்பை வெட்டி வெல்டு வைத்தோம், ஒழுகியது. மறுபடி வெட்டினோம். கடைசியில் இன்ஜினுக்குக் கொடுத்த காசைவிடச் சுற்றுவேலைக்குக் கொடுத்தது கூடிப்போச்சு. ஆசான் என்னிடம் சொன்னது, "மக்கா, இனிமே இன்ஜின கண்ணால பாக்குமுன்னே சணலக் கொண்டு அளந்துக்கோ." அன்று முதல் என் கணக்கு இதுதான்: இன்ஜினுக்கு நூறு ரூபாய் என்றால் கையில் இன்னொரு நூறு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அந்த இரண்டாவது நூறு எங்கே போகும்? மவுண்டிங், ரேடியேட்டர், பெரிய பேட்டரி, நீளம் மாற்றின புரொப்பல்லர் ஷாஃப்ட், டீசல் திரும்பிவரும் குழாய், இப்படியே போகும். எடை கூடியதால் முன்பக்க டார்ஷன் பார் தொங்கிவிடும், அதைத் தூக்கி வைக்க வேண்டும். பிரேக்கில் பூஸ்டர் இருந்தால் இன்னொரு செலவு உண்டு, இதைப் பலர் மறப்பார்கள். பெட்ரோல் இன்ஜின் மூச்சை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம் பூஸ்டருக்கு இலவசமாகக் கிடைக்கும். டீசலில் அது கிடையாது, தனி வேக்யூம் பம்ப் வேண்டும். ஒரு டிரைவர் அதில்லாமல் ஓட்டிப் போய், பெடல் மேல் ஏறி நின்றும் வண்டி நிற்காமல் வாழைத்தோப்புக்குள் இறக்கினார். ஆளுக்கு ஒன்றுமில்லை, வாழைக்குத்தான் நஷ்டஈடு.

நேரம் நெருங்குகிறது, முக்கியமானதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் பழைய காலம். கம்பெனி குறித்துக்கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. அங்கீகாரம் பெற்ற எரிவாயு கிட், மின்சார கிட் போட வழி இருக்கிறது, அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றி ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வம்புதான்.

இன்னொன்று. 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய காரை வின்டேஜ் என்று பதியலாம். ஆனால் இன்ஜினையோ சேஸிஸையோ பெரிதாக மாற்றியிருந்தால் கிடையாது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று, இனி புதிது வரப்போவதில்லை. அதனால் தாத்தாவின் கார் கொட்டகையில் நிற்கிறது என்று வருகிற தம்பிகளே, முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். அந்த 1489 சி.சி. இன்ஜினுக்கே போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, பிரேக்கைச் சரிபண்ணித் தருகிறேன். செலவும் குறைவு, பதிவும் பத்திரம்.