விண்ணப்பமும் அறைகூவலும்

ஆண்டு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஓர் உரைநடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் சுவரில் ஒட்டப்பட்ட உரைநடை. 1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. சம்புத்தீவுப் பிரகடனம் என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். குறை சொல்லிக்கொண்டிருந்த மக்கள் எப்போது போர் தொடுக்கிறார்கள் என்ற வினாவுக்கு அவ்வறிக்கையின் மொழியிலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

நாம் கூடியிருக்கும் தாம்பரமும் இக்கதைக்குப் புறம்பானதன்று. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்தவையே இச்சுற்றுவட்டாரத்து ஊர்கள். முதலில் நிலம் போயிற்று. நவாபின் கடன் மேலும் மேலும் பெருக, 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமையும் போயிற்று. அவ்வுடன்படிக்கையின் காலத்தில் தலைமை ஆளுநராக இருந்தவர் காரன்வாலிஸ் பிரபு. தாம்பரத்தில் மின்வண்டி ஏறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், கோட்டை அருங்காட்சியகத்தில் அவரது பளிங்குச் சிலையைக் காணலாம். திப்புவின் மைந்தர் இருவரும் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சியை அதன் பீடத்தில் செதுக்கியிருக்கிறார்கள். அதே காரன்வாலிஸ்தான் 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையிடம் தோற்றுச் சரணடைந்தவர். அங்கே இழந்தவர் இங்கே ஈட்ட வந்தார்!

அமெரிக்கக் குடியேறிகளின் மனக்குறையும் வரியில் தொடங்கியதே. தம் பிரதிநிதி ஒருவரும் அமராத பாராளுமன்றம் தமக்கு வரி விதிப்பது தகுமா என்று கேட்டார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை நம் நாட்டை ஆண்ட அதே கும்பினியின் சரக்கு. அப்போதும் அவர்கள் உடனே விடுதலை கேட்கவில்லை. 1775இல் மன்னருக்குப் பணிவானதொரு விண்ணப்பம் அனுப்பினார்கள். அதனைப் பெற்றுக்கொள்ளவே மூன்றாம் ஜார்ஜ் மறுத்தார். மறு ஆண்டு வெளிவந்த விடுதலைச் சாற்றுரை அவர்மீது 27 குற்றச்சாட்டுகளை அடுக்கியது.

நம் பக்கம் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. இங்கே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 1798இல் ஆட்சியர் ஜாக்சனைக் காண ஊர் ஊராக அலைந்த கட்டபொம்மன், கடைசியில் இராமநாதபுரத்தில் நின்றபடியே விடை சொல்ல வைக்கப்பட்டார். கைகலப்பு மூண்டது, அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணியனார் சிறைப்பட்டார். கட்டபொம்மன் சென்னைக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது. குழுவின் முன் அவர் நேரில் வந்து நடந்ததைச் சொன்னார். அவர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. சிவசுப்பிரமணியனார் விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிழந்தார், லூஷிங்டன் புதிய ஆட்சியரானார். முறையிட்டவர் முழு வெற்றி பெற்ற வழக்கு இது. ஆயினும் ஓராண்டு முடிவதற்குள், 1799 அக்டோபரில், அதே கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

ஆட்சியர் மாறினார், தண்டல் மாறவில்லை. கட்டபொம்மனின் முடிவைக் கேட்டறிந்த பிறர் மற்றொரு விண்ணப்பம் எழுதாமல் போனதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். சிவகங்கையில் மருது சகோதரர் அவருக்குப் புகலிடம் தந்தனர். பின்னர்ச் சுவரில் அறிக்கை ஏறியது.

இப்போது அதன் மொழிக்கு வருவோம். விண்ணப்பம் கீழிருந்து மேல்நோக்கிப் பேசுவது. அதில் 'தாங்கள்' உண்டு, 'அடியேன்' உண்டு. இவ்வறிக்கை ஆள்வோரை விளிக்கவேயில்லை. சம்புத்தீவின் மக்களை விளிக்கிறது. அந்தணர் முதலிய நால்வகையினரையும் இசுலாமியரையும் சேர்த்து அழைக்கிறது. கும்பினிப் படையில் சோறுண்ணும் சுபேதார், ஜமேதார், சிப்பாய் வரை பெயர் சுட்டிக் கூப்பிடுகிறது. முன்னிலை மாறியவுடன் குறையின் தன்மையே மாறிவிடுகிறது. அமெரிக்கச் சாற்றுரை பெரும்பாலும் மன்னரையே பழிக்க, மருதுவின் அறிக்கையோ அந்நியரைப் பழிப்பதோடு நில்லாமல், அவர்களுக்கு இடங்கொடுத்த நவாபையும், ஒற்றுமையின்றித் தமக்குள் பூசலிட்ட நம்மவரையும் சேர்த்தே கடிகிறது. தன் தரப்பையும் குறை கூறும் துணிவு போர் அறிக்கைகளில் அரிது.

மீசை வைத்த எல்லோரும் எழுக என்று அது அழைப்பதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். 1780இல் சிவகங்கையை மீட்டவர் வேலுநாச்சியார். மருதிருவர் அவரிடம் பணியாற்றியவர்கள். மீசை என்ற ஒரு சொல்லால் அவரைப் போன்றோரை வெளியே நிறுத்திவிட்டார்களே என்று வகுப்பில் சொல்வேன், மாணவியர் கைதட்டுவார்கள்.

என்னை மிகவும் கவர்வது அறிக்கையின் இறுதிப் பகுதி. படித்தவர் இதனைப் படியெடுத்துப் பிறருக்குப் பரப்ப வேண்டும் என்கிறது. பரப்பாதவரும் ஒத்துழையாதவரும் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவர் என்கிறது. சுவரிலிருந்து இதனை அகற்றுவோரைப் பஞ்சமாபாதகம் சாரும் என்கிறது. கல்வெட்டுப் பயிற்சி உடையவர் இதனை உடனே இனங்காண்பர். கோயிலுக்கு நிலமோ விளக்கோ கொடுத்த சாசனத்தின் முடிவில் வரும் ஓம்படைக்கிளவி இது. கொடையைக் காப்பதற்காக நூற்றாண்டுகளாகக் கல்லில் வெட்டிவந்த வாய்ப்பாட்டை, ஒரு போர்க்குரலைக் காப்பதற்காகத் தாளில் எழுதி, அதே கோயில் மதிலில் ஒட்டியிருக்கிறார்கள். அயல்நாட்டுச் சாற்றுரை எதையும் பார்த்து எழுதிய உத்தியன்று இது. நம் மரபின் கருவூலத்திலிருந்து எடுத்த படைக்கலம்.

நான் மாணவியாகப் பயின்ற உரைநடை வரலாறுகள் வீரமாமுனிவரைச் சொல்லும், ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைச் சொல்லும், நேரே நாவலரிடம் தாவிவிடும். 1801இன் சுவர் அங்கே இல்லை. பேராசிரியர் கே. இராசய்யன் 1971இல் ஆங்கிலத்தில் எழுதிய தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூலே என்னை அதன் முன் கொண்டுபோய் நிறுத்தியது. தமிழ் படித்தவளுக்கு வரலாற்றுத் துறையார் வழிகாட்ட வேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பாளையக்காரர் எல்லாரும் குடிகளுக்கு நிழல்மரமாகவே நின்றனர் என்று நான் வாதிடவில்லை. அவர்களும் உழவரிடம் தண்டியவர்களே. விடுதலை பேசிய அமெரிக்கத் தலைவர் பலர் அடிமைகளை வைத்திருந்தனர். குறை உண்மையாக இருப்பதற்குக் குறை சொல்பவர் மாசற்றவராக இருக்க வேண்டியதில்லை.

அறிக்கை ஒட்டப்பட்ட ஆறு வாரங்களுக்கெல்லாம், ஜூலை 31இல், கருநாடகம் முழுவதும் உடன்படிக்கை வழியே கும்பினி வசமாயிற்று. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலிடப்பட்டனர்.

கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். அந்த ஆசானைக் காட்டு விலங்கைப்போல் வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். 1802இல் எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்கிற்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவர், அப்போது அறியாச் சிறுவர். 1818இல் வெல்ஷ் பினாங்கிற்குச் சென்றபோது, உடல் தளர்ந்து முதியவர்போல் தோன்றிய ஒருவர் அவரைக் காண வந்தார். வெல்ஷுக்கு ஆள் தெரியவில்லை. வந்தவர்தாம் தம் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.