அடுப்படியில் பழகிய ஜெபம்



பவுல் சிறையிலிருந்து பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம் பல கிறிஸ்தவ வீடுகளில் மனப்பாடம். விசுவாசி எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. சுவர்க் காலண்டரில் அச்சாவதும் அதுதான். ஆனால் அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களின் பெயர்கள் வருகின்றன. இருவரும் சுவிசேஷ வேலையில் பவுலோடு பாடுபட்டவர்கள். இப்போது அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சபைக்கு எழுதும் கடிதத்திலேயே பெயர் சொல்லி, ஒரே சிந்தையாக இருங்கள் என்று பவுல் மன்றாடுகிறார். சிந்தனையைப் பற்றிய அந்தப் பட்டியல், இந்த மனத்தாங்கலைச் சொன்ன கையோடு எழுதப்பட்டது. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால் ஒன்று விளங்கும்: எண்ணங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் வேலை, பக்கத்து ஆளோடு கசப்பு வந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

அந்த வேலையை ஆயுள் முழுக்கப் பழகிய ஒருவர் பாரிஸ் நகரத்தில் இருந்தார். பிறப்பு லொரேன் பகுதியில். இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதில் தளிர் விடும், பூக்கும், காய்க்கும் என்ற நினைப்பிலிருந்து கடவுளின் வல்லமை அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அதற்காக வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாகப் போனார், காயம்பட்டார், கால் ஊனமானது. பிறகு ஒரு கனவான் வீட்டில் ஏவலாளாக இருந்தார். கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் ஆள் என்று பின்னாளில் தம்மைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். 1640-இல் பாரிஸிலுள்ள கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்தபோது குருப்பட்டத்துக்கு உரிய படிப்பு அவரிடம் இல்லை. கிடைத்தது சகோதரர் லாரன்ஸ் என்ற பெயரும் சமையலறையும்.

சமையல் வேலை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காது. இதை மறந்துவிட்டு அவரை வாசித்தால், சாந்தமான ஒரு கிழவர் கரண்டியோடு புன்னகைத்து நிற்பதுபோல் ஒரு படம்தான் மனத்தில் மிஞ்சும். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு சாமான் கேட்டுக் குரல் கொடுக்கும் அடுப்படி அது. அந்தச் சந்தடியிலும் நற்கருணைக்கு முன் முழந்தாளில் இருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு உண்டு என்றார் அவர். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகவே செய்வதாகச் சொன்னார். மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்க அவரை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் அவருக்கு வராது. காலும் சரியில்லை, படகில் நகர வேண்டுமானால் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் போக வேண்டும். இது உம்முடைய வேலை என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காரியமும் நல்லபடி முடிந்தது.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலையைத் தொடங்குமுன் ஒரு சிறு ஜெபம். நடுவே மனம் விலகினால் திரும்ப அழைத்து வருவது. முடிந்ததும் ஒரு கணக்குப் பார்ப்பு: நன்றாக நடந்திருந்தால் நன்றி, தவறியிருந்தால் மன்னிப்பு, அத்தோடு அடுத்த வேலை. மனம் அலைந்ததற்காக அவர் தம்மையே அடித்துக்கொள்ளவில்லை. நம்மில் எத்தனையோ நல்ல உள்ளங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஜெபத்தில் கவனம் சிதறிவிட்டதே என்று அரைமணி நேரம் வருந்துகிறவருக்கு அந்த அரைமணியும் போய்விடுகிறது. இந்தப் பழக்கம் லாரன்ஸுக்கும் லேசில் கைகூடவில்லை. முதல் பத்து ஆண்டுகள் பெரும் மனவேதனையில் கழிந்தன. இந்தப் பத்தாண்டைத்தான் இளையவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

முதுமையில் அவர் மடத்தாருக்குச் செருப்புத் தைத்தார். 1691-இல் காலமானார். அவர் எழுதிய சில கடிதங்களையும், 1666 முதல் அவரோடு நடத்திய உரையாடல்களையும் ஜோசப் டி போஃபோர் என்ற குருவானவர் தொகுத்து வெளியிட்டதால்தான் இந்த அடுப்படி உலகத்துக்குத் தெரிய வந்தது.

மனத்தை ஓயாமல் கடவுளிடம் திருப்பும் இதே பழக்கத்தை, நிமிஷக் கணக்கு வைத்துக்கொண்டு, 1930-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மின்டனாவோ தீவில் முயன்றவர் அமெரிக்க மிஷனரி ஃபிராங்க் லாபக். சுற்றிலும் மரனாவோ இன இஸ்லாமிய மக்கள். அவர்கள் தம்மை நெருங்காததற்குக் காரணம் தம் மனத்துக்குள் இருந்த இன மேட்டிமை என்று அங்கே ஒரு குன்றின் மேல் ஜெபத்தில் இருந்தபோது அவருக்குத் தைத்தது. இறங்கி வந்து, எனக்குத் திருக்குர்ஆன் கற்றுத்தாருங்கள் என்று கேட்டார். அந்த உறவிலிருந்துதான் அவருடைய எழுத்தறிவுப் பணி வளர்ந்தது. பணம் வற்றி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தர முடியாமற்போனபோது, படித்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு பிறந்தது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. அகத்தில் ஒரு அகந்தை கண்டுபிடிக்கப்பட்டதால் எத்தனையோ பேர் தம் பெயரை எழுதக் கற்றார்கள்.

பக்கத்து ஆளோடு வரும் கசப்பை நாவிலேயே தடுக்க முயன்ற ஓர் இடத்தைப் பார்க்க, இனி ஜெர்மனிக்குப் போவோம். ஹிட்லருக்குப் பணியாத சபையாருக்காக 1935 முதல் டீட்ரிக் போன்ஹாஃபர் என்ற போதகர் ஃபின்கன்வால்டே என்ற ஊரில் ஒரு குருமடம் நடத்தினார். 1937-இல் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோ அதை மூடியது. அங்கே அவர் மாணவர்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்: இல்லாத ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது, பேசிவிட்டால், பேசியதை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அந்த விதியை மீறினார்கள். மீண்டும் முயன்றார்கள். அந்தத் தோல்வியிலும் மறுமுயற்சியிலும் கற்றது, பிரசங்கங்களில் கற்றதற்கு ஏறக்குறைய ஈடானது என்று அவர்களில் ஒருவரான எபர்ஹார்ட் பேட்கே நினைவுகூர்ந்தார்.

அவையோரிடம் இன்று வைக்கும் வேண்டுகோளும் இதுவே. இந்தக் கூட்டம் கலைந்து தேநீர் வரும்போது, இங்கே வராத யாரோ ஒருவரைப் பற்றிப் பேச்சு எழும். சபைக் கமிட்டிக்காரராக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், அலுவலக மேலாளராக இருக்கலாம். அந்த விதியை அங்கிருந்தே தொடங்குவோம், ஒரு மாதத்துக்கு. தவறிப்போய்ப் பேசிவிட்டால், மறுநாள் அவர் வீட்டு வாசலுக்குப் போய், உங்களைப் பற்றி நேற்று இப்படிச் சொன்னேன் என்று அவரிடமே சொல்லிவிடுவோம்.