சாவி கைக்கு வருமுன்: வாடகை வீடும் வாக்குறுதியும்
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலத்தின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனது கருணையும் சாந்தியும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய நேர்வழியில் நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் நெல்லைச் சீமையில் ஒரு காலத்தில் வாடகை வீடு பார்ப்பது என்பது மிக எளிதான காரியமாக இருந்தது. மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ ஏர்வாடியிலோ ஒருவர் வீடு கேட்டு வந்தால், "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற ஒரே கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். இன்று நிலை வேறு. பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர் ஆகிய பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. உரிமையாளர் துபையிலோ ரியாத்திலோ இருப்பார். வீட்டைக் கவனிக்க ஒரு மேலாளரோ நிறுவனமோ இருக்கும். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வெளியூரிலிருந்து வேலைக்கு வருவோரும், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் சந்திப்பது வீட்டுக்காரரின் முகத்தையல்ல. ஒரு விண்ணப்பப் படிவத்தை!

ஊதியச் சான்று கொடு, ஆதார் கொடு, முன்பு குடியிருந்த வீட்டின் விவரம் கொடு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுது என அப்படிவம் கேட்கிறது. இதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒப்பந்தம் எங்கே தொடங்குகிறதோ அங்கே மார்க்கமும் வந்து நிற்கிறது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

விண்ணப்பமும் ஒரு சாட்சியமே

நயவஞ்சகனின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியவை மூன்று. பேசினால் பொய் சொல்வது, வாக்களித்தால் மாறு செய்வது, நம்பினால் மோசம் செய்வது. இம்மூன்றும் ஒரே இடத்தில் கூடக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால் அது வாடகை வீடுதான். படிவத்தில் எழுதுவது பேச்சு. ஒப்பந்தத்தில் இடும் கையொப்பம் வாக்குறுதி. கையில் வாங்கும் சாவி அமானிதம்.

ஆறு பேர் குடியேறப் போகும் வீட்டிற்கு மூன்று பேர் என எழுதுவது, இல்லாத ஊதியத்தை இருப்பதாகக் காட்ட நண்பரின் கடையிலிருந்து சான்று வாங்குவது, வருமான வரியைக் குறைப்பதற்காகக் கொடுக்காத வாடகைக்கு ரசீது பெறுவது - இவையெல்லாம் "எல்லோரும் செய்வதுதானே" என்ற ஒரு சொல்லில் மறைந்துவிடுகின்றன. எல்லோரும் செய்வதால் பொய் மெய்யாகிவிடாது, சகோதரர்களே! தொழுகைக்கு வரிசையில் நிற்கும் அதே கைதான் அந்தப் படிவத்திலும் எழுதுகிறது.

அதே வேளையில், உண்மை சொல்வது என்பதற்கு எதையும் யாரிடமும் ஒப்படைப்பது என்று பொருள் அல்ல. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் வகையில் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக் கொடுக்கலாம். நகலின் மீது "இன்ன வீட்டு வாடகைக்காக மட்டும்" என எழுதித் தேதியும் இடுங்கள். மேலாளர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம், உரிமையாளர் அவருக்கு அளித்த அதிகாரக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். அதைப் பார்க்காமல் முன்பணத்தை நீட்டிவிட்டுப் பிறகு புலம்புவதில் பயனில்லை.

எழுதிக்கொள்ளுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடனாயினும் அது சிறிதோ பெரிதோ, தவணை குறித்து எழுதவும், சாட்சி வைக்கவும் அது நமக்குக் கற்றுத் தருகிறது. ஆனால் நம்மவர்களோ, "எழுதச் சொன்னால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாரே" எனக் கூச்சப்படுகிறோம். எழுதுவது நம்பிக்கையின்மை அல்ல. நம்பிக்கையைப் பழுதுபடாமல் காப்பதே எழுத்து.

நாட்டின் சட்டமும் இன்று அதையே கேட்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதனைப் பதிவு செய்து எண் பெற வேண்டும். இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்திற்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது தர வேண்டும். பூசல் வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க உரிமையாளருக்கோ மேலாளருக்கோ உரிமை இல்லை.

குடியிருப்பவர் மீதும் அச்சட்டம் கடமைகளைச் சுமத்துகிறது. இரண்டு மாத வாடகையை நிலுவை வைப்பதும், எழுத்துமூலம் இசைவு பெறாமல் உள்வாடகைக்கு விடுவதும் வெளியேற்றத்திற்கான காரணங்களாகும். ஆகவே கையொப்பமிடும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். பராமரிப்புக் கட்டணம் வாடகையில் அடங்குமா, ஆண்டுக்கு எவ்வளவு உயரும், வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு - இவை எழுத்தில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் புரிந்தவரை அழைத்து வந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்தி என்னும் வலை

நம் நெல்லைச் சீமையில் 'ஒத்தி' என்றொரு வழக்கம் வேரூன்றியுள்ளது. நான்கு இலட்சமோ ஐந்து இலட்சமோ கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. மாத வாடகை மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! கொடுத்த பணம் கடன். அது குறையாமல் திரும்பி வருகிறது. இடையில் அனுபவித்த குடியிருப்பு அந்தக் கடனுக்குக் கிடைத்த இலாபம். இதில் வட்டி கலந்திருப்பதாக மார்க்க அறிஞர்கள் பலர் எச்சரிப்பது இதனால்தான்.

மறுமைக் கணக்கு ஒருபுறம் இருக்க, இம்மையிலும் இதில் ஆபத்து உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறும் இத்தகைய அடைமானம் இரு சாட்சிகளின் கையொப்பத்துடன் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். நாமோ இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைத்துவிடுகிறோம். அதே வீட்டை உரிமையாளர் ஏற்கெனவே வங்கியில் அடகு வைத்திருந்தால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி அதைக் கைப்பற்றி ஏலம் விடும் நாளில், மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? மாத வாடகை சுமைதான்; ஆயினும் அது ஹலாலான சுமை. கொடுத்ததற்கு ஈடாகக் குடியிருப்பு, குடியிருப்புக்கு ஈடாகக் கூலி என்று கணக்கு நேராக இருக்கிறது.

மறைக்கப்பட்ட ஈரம்

ஒருமுறை கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம்! மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடிந்துரைத்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது, சந்திப்புப் பகுதியும் கொக்கிரகுளமும் நீரில் நின்றன. அந்த வெள்ளம் புகுந்த வீட்டிற்குப் புது வண்ணம் பூசி, "இங்கே தண்ணீரே வராது" என்று சொல்லி வாடகைக்கு விடுபவர், அந்த ஈரத் தானியத்தை மூடி வைத்தவருக்கு எந்த வகையில் வேறுபட்டவர்? வீடு விடுபவர்களே, உண்மையைச் சொல்லுங்கள். வீடு கேட்பவர்களே, அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வெள்ளத்தில் பழுதானால் செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவு மூடப்படும்போது

மனம் கனக்கும் ஒரு செய்தியையும் பேசியாக வேண்டும். எல்லாச் சான்றுகளும் சரியாக இருந்து, முன்பணமும் தயாராக இருந்து, பெயரைக் கேட்டதும் "வீடு முடிந்துவிட்டது" என்ற பதில் வருகிறது. சைவம் மட்டும் என்கிறார்கள். குடும்பத்தினருக்கு மட்டும் என்கிறார்கள். தனியார் வீட்டு வாடகையில் மதத்தின் பெயரால் காட்டும் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சி சமூகத்தாருக்குள் வரையறுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு தீர்ப்பளித்ததும் நினைவுகூரத்தக்கது.

இந்த வேதனையில் நம் இளைஞர்கள் சிலர் வேறு பெயரில் விண்ணப்பிக்கிறார்கள். நண்பனின் பெயரில் ஒப்பந்தம் போட்டுவிட்டுத் தாம் குடியேறுகிறார்கள். வேண்டாம், இளைஞர்களே! உங்கள் பெற்றோர் சூட்டிய பெயர் மறைக்க வேண்டிய குற்றம் அல்ல. பொய்யின் மேல் நின்ற ஒப்பந்தம் ஒரு சிறு பூசலில் சரிந்துவிடும். அப்போது சட்டமும் உங்களுக்குத் துணை நிற்காது. முந்தைய வீட்டுக்காரரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வையுங்கள். ஒரு முஸ்லிம் குடும்பம் முதல் தேதியில் வாடகை கொடுத்து, வீட்டைத் துப்புரவாக வைத்து, நல்ல முறையில் காலி செய்தால், அடுத்து வரும் பத்துக் குடும்பங்களுக்கு அது கதவைத் திறக்கும். வேலைக்குச் செல்லும் பெண்மக்களுக்காக அரசு நிறுவனம் நடத்தும் 'தோழி' விடுதிகள் திருநெல்வேலி உட்படப் பல ஊர்களில் உள்ளன என்பதையும் பெற்றோர் கருத்தில் கொள்ளலாம்.

நம் கதவுகள் எப்படி இருக்கின்றன?

பிறர் கதவைப் பற்றிப் பேசிய நாம், நம் கதவையும் பார்க்க வேண்டாமா? நம் தெருவில் வீடு கேட்டு வரும் பிற சமயத்துக் குடும்பத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? விதவைப் பெண் ஒருவர் பிள்ளைகளோடு வந்து கேட்டால், வாடகை வருமோ வராதோ என்று முகம் திருப்புகிறோமா? நமக்கு வலித்தது பிறருக்கும் வலிக்கும்.

இன்னும் ஒன்று. நம் மஹல்லாக்களில் பள்ளிவாசலே ஒரு வீட்டுக்காரர்தான். வக்ஃபு செய்யப்பட்ட வீடுகளும் கடைகளும் உள்ளன. பாட்டனார் காலத்தில் பேசிய சொற்ப வாடகையைப் பேரன் இன்றும் கொடுத்துக்கொண்டு, அதே கடையைப் பல மடங்குக்கு உள்வாடகை விடுவதை என்னவென்று சொல்வது? மதீனாவில் பள்ளிவாசல் கட்டத் தேர்ந்த நிலம் இரு அநாதைச் சிறுவர்களுடையது. இலவசமாகத் தர அவர்கள் முன்வந்தும், நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே பெற்றார்கள். இலவசமாகக் கிடைத்தும் விலை கொடுத்தவர்களின் உம்மத், கொடுக்க வேண்டிய வாடகையை இறையில்லத்திற்கே கொடுக்காமல் இருக்கலாமா? முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் வாடகையைக் காலத்திற்கேற்ப நியாயமாக நிர்ணயித்து, ரசீது தந்து, கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். அந்த வருமானத்தில்தான் ஏழை மாணவரின் கல்வியும் இமாமின் ஊதியமும் இருக்கின்றன.

மாடியில் உடைந்த குடம்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். சந்திக்க வருவோருக்கு வசதியாக இருக்கும் எனக் கீழ்த்தளத்தையே தேர்ந்தார்கள். ஒருநாள் மேல்தளத்தில் தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமோ என்று பதறிய அபூ அய்யூபும் அவரது துணைவியாரும், தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் அத்தண்ணீரைத் துடைத்து எடுத்தார்கள்.

அடுக்குமாடியில் வாழும் குடும்பங்களே! இதைவிட உங்களுக்கு வேறு பாடம் வேண்டுமா? நம் குளியலறைக் கசிவு கீழ்வீட்டுச் சுவரை நனைக்கும்போது, "மேலாளர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறோம். இரவு நெடுநேரம் நம் பிள்ளைகள் ஓடும் ஓசை கீழே உறங்கும் முதியவரின் தலைமேல் விழுகிறது. பராமரிப்புக் கட்டணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, அடுத்த வீட்டார் கட்டிய பணத்தில் ஓடும் மின்தூக்கியில் ஏறிச் செல்கிறோம். இவை யாவும் அண்டை வீட்டாரின் உரிமைகள். நாளை மறுமையில் இவை குறித்தும் கேள்வி உண்டு.

ஒருநாள் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சுவரில் அடித்த ஆணியையும், உடைத்த குழாயையும் சரிசெய்து, நிலுவை ஏதுமின்றி ஒப்படைப்பவரே அமானிதத்தைப் பேணியவர் ஆவார். இவ்வுலகமே நமக்கு ஒரு வாடகை வீடுதான் என்பதை நினைவில் வைத்தால், இந்தச் சிறிய வீட்டின் கணக்கை நேராக வைப்பது கடினமாகத் தோன்றாது.

யா அல்லாஹ்! வீடற்றோருக்கு நல்ல வீட்டை வழங்குவாயாக! எங்கள் எழுத்திலும் பேச்சிலும் உண்மையைத் தருவாயாக! எங்கள் அண்டை வீட்டார் எங்களால் நிம்மதி பெறும்படி எங்களை ஆக்குவாயாக! ஆமீன். வ ஆகிருத் தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.