கட்டிக்கு ஆள் அனுப்பும் மஜ்ஜை



மார்பகப் புற்றுநோய் என்றதும் நம் நினைப்பு மார்பைத்தான் தொடும். கட்டி இருப்பது அங்கே, கத்தி வைப்பதும் அங்கே. இன்றைக்கு உங்களை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றுக்குள் இருக்கும் மஜ்ஜைக்கு. மார்பில் ஒரு கட்டி வளர வேண்டுமானால் அதற்குத் துணை போகும் அணுக்களில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1889-ஆம் ஆண்டு. லண்டனில் ஸ்டீஃபன் பேஜட் என்றோர் அறுவை மருத்துவர். மார்பகப் புற்றால் இறந்துபோன 735 பேரின் குறிப்புகளைத் திரட்டிவைத்துக்கொண்டு, புற்று எங்கெங்கே பரவியிருந்தது என்று எண்ணிப் பார்த்தார். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில்? வெறும் 17 பேருக்கு. ரத்தம் இரண்டுக்கும்தானே ஓடுகிறது? புற்றணு ரத்தத்தில் மிதந்துபோய்த் தங்குகிறது என்றால், மண்ணீரலை மட்டும் ஏன் விட்டுவைத்தது? பேஜட் சொன்ன விடை, உழவர் வீட்டில் பிறந்த யாருக்கும் சட்டென்று விளங்கும். விதை நாலாபக்கமும் விழும். தனக்கு ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்றார். களர் நிலத்தில் எவ்வளவு நல்ல விதையைத் தூவினாலும் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த மண்ணைப் பண்படுத்துவது யார்? இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பதில் மஜ்ஜையில் இருந்தது.

மஜ்ஜைக்குள் ரத்த ஸ்டெம் செல்கள் என்று ஒரு சிறு கூட்டம் வாழ்கிறது. 1961-இல் கனடாவின் டொரன்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கலக் என்ற இருவர் எலிகளை வைத்து அதற்கான முதல் திடமான சான்றைக் காட்டினார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிக்கு இன்னோர் எலியின் மஜ்ஜையை ஏற்ற, சில நாளில் அதன் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் எழும்பின. ஒரு முடிச்சு முழுவதும் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் என்பது அடுத்த ஓரிரு ஆண்டில் உறுதியானது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் அந்த வம்சம்தான். இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவர் உடம்பிலும் நொடிக்கு 20 லட்சத்துக்குக் குறையாத சிவப்பணுக்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

எந்த அணு எவ்வளவு வேண்டும் என்பதை மஜ்ஜை தானாக முடிவு செய்வதில்லை. காய்ச்சல் வந்தால், காயம் பட்டால், உடம்பு ரசாயனத் தகவல் அனுப்பும். அவற்றில் ஒன்றுக்கு ஜி-சிஎஸ்எஃப் என்று பெயர். அது வந்து சேர்ந்ததும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை மஜ்ஜை அவசரமாகப் பெருக்கும். கிருமியை முதலில் எதிர்கொள்வது அவைதான்.

தாய்மார்களே, மார்பகக் கட்டியும் இதே தகவலை அனுப்புகிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜீனா வெர்ப் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக் குழு 2015-இல் இதை எலிகளில் படிப்படியாகக் காட்டியது. கட்டி பெரிதாக ஆக, அது சுரக்கும் ஜி-சிஎஸ்எஃப் ரத்தத்தின் வழியே மஜ்ஜைக்குப் போகிறது. அங்கே ஸ்டெம் செல்களும் அவற்றின் அடுத்த தலைமுறையும் பெருகி, நியூட்ரோஃபில் பக்கமே சாய்கின்றன. அப்படிப் பிறக்கும் நியூட்ரோஃபில்கள் வழக்கமானவை அல்ல. புற்றணுவைக் கண்டுபிடித்துக் கொல்ல வேண்டிய டி செல்களையே இவை அடக்கி வைக்கின்றன. கட்டியிலிருந்து ஜி-சிஎஸ்எஃப் வராமல் தடுத்தபோது, அடக்குகிற இந்த நியூட்ரோஃபில்கள் உருவாகவில்லை. கிருமியிடமிருந்து நம்மைக் காக்க எத்தனையோ தலைமுறையாக உடம்பு வளர்த்து வைத்த ஏற்பாடு இது. அதைக் கொண்டே கட்டி தன்னைக் காத்துக்கொள்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம். நோயின் மீது வந்த கோபம்.

நியூட்ரோஃபிலோடு இது நிற்கவில்லை. மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும் இருக்கிறது. செத்த செல்லை அப்புறப்படுத்துவதும் புண்ணை ஆற்றுவதும் அதன் வேலை. நியூயார்க்கில் ஜெஃப்ரி பொலார்டின் குழு, மேக்ரோஃபேஜ்கள் வளரத் தேவையான சுரப்பு இல்லாத எலிகளில் மார்பகப் புற்று எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து 2001-இல் வெளியிட்டது. கட்டி தோன்றுவது நிற்கவில்லை. ஆனால் அது பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவது தாமதமானது, நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. கட்டி பிறப்பது ஒரு கதை, பரவுவது வேறு கதை. மார்பகப் புற்றில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது இரண்டாவது கதைதான்.

பேஜட்டின் மண்ணுக்கு இப்போது திரும்புவோம். 2005-இல் டேவிட் லைடனின் குழு, அதுவும் நியூயார்க்கில்தான், ஒரு வியப்பான காட்சியைக் கண்டது. புற்றணு நுரையீரலைத் தொடுவதற்கு முன்பே, மஜ்ஜையிலிருந்து கிளம்பிய இளம் ரத்த அணுக்கள் அங்கே போய்க் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தன. புற்றணு பின்னால் வந்து அதே இடத்தில் தங்கியது. அந்த இளம் அணுக்களை அகற்றியபோது புற்று அங்கே பரவவில்லை. அந்த ஆய்வு நுரையீரல் புற்று, மெலனோமா ஆகிய இரண்டையும் எலிகளில் வைத்துச் செய்யப்பட்டது. மார்பகப் புற்று அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் விதைக்கு முன்னால் மண் தயாராகிறது என்பதற்குக் கண்ணால் காணும் சான்று அங்கிருந்துதான் கிடைத்தது.

பல குடும்பங்களில் ஒரு கேள்வியைக் காதால் கேட்டிருக்கிறேன். “ஆபரேஷன் ஆச்சு, கீமோ ஆச்சு, பத்து வருஷம் நல்லாத்தானே இருந்தாங்க, இப்ப எலும்புல வந்திருக்குன்னு சொல்றாங்களே டாக்டர்?” இந்தக் கேள்விக்குள் ஒரு குற்ற உணர்வும் இருக்கும். எங்கேயோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். ரத்த ஸ்டெம் செல் தன் இருப்பிடமான மஜ்ஜைக்கு வழி கண்டுபிடிக்க சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பியைப் பயன்படுத்துகிறது. மார்பகப் புற்றணுவின் மேலும் அதே ஏற்பி இருக்கிறது என்பது 2001-இல் தெரியவந்தது. அதனால் புற்றணுவுக்கும் அந்த வழி தெரியும். மஜ்ஜைக்குள் போய், ஸ்டெம் செல் அமைதியாக உறங்கும் அதே மாதிரியான மூலைகளில் அதுவும் பெருகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பெருகும் செல்லைத்தான் கீமோ நன்றாகக் கொல்லும். உறங்குவது தப்பிவிடுகிறது. இதில் எந்த மகளும் எந்த மருமகளும் செய்த தவறு ஒன்றுமில்லை.

இதே ஸ்டெம் செல்லை நம்பி நடந்த ஒரு பெரிய துயரத்தையும் இந்த மேடையில் சொல்லியாக வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களுக்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்தார்கள். அந்த அளவைத் தாங்காமல் மஜ்ஜை அழிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே ஸ்டெம் செல்லை எடுத்து உறைய வைத்து, பிறகு திருப்பி ஏற்றினார்கள். முறையான ஒப்பீட்டு ஆய்வு முடிவதற்குள் சிகிச்சை பரவிவிட்டது. செலவைத் தர மறுத்த காப்பீட்டு நிறுவனங்கள் மீது வழக்குகள் நடந்தன. 1999-இல் அட்லாண்டா மாநாட்டில் ஆய்வு முடிவுகள் வந்தபோது, பலன் உண்டு என்று அழுத்திச் சொன்னவர் தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடா. அடுத்த ஆண்டு அமெரிக்கக் குழு நேரில் போய் அவருடைய பதிவேடுகளைப் புரட்டியது. ஆய்வு மோசடி என்று வெளிப்பட்டது. அதே 2000-இல் வெளிவந்த நேர்மையான அமெரிக்க ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுக்கு மூன்றாண்டு உயிர்வாழ்வு ஸ்டெம் செல் ஏற்றியவர்களில் 32 சதவீதம், வழக்கமான கீமோவில் 38 சதவீதம். கூடுதல் வேதனைக்குக் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை. மஜ்ஜையைக் காப்பாற்றினால் போதும் என்று அன்று எண்ணினார்கள். அந்த மஜ்ஜை கட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் சிகிச்சையில் எங்குமே இல்லை.

உங்களுக்குக் கைக்கெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். லேபில் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். டிஃபரென்ஷியல் கவுண்ட் என்ற தலைப்பின் கீழே நியூட்ரோஃபில் இத்தனை சதவீதம், லிம்ஃபோசைட் இத்தனை சதவீதம் என்று இருக்கும். மார்பகப் புற்று உள்ளவர்களில் முதலாவது ஏறி இரண்டாவது இறங்கியிருந்தால் நோயின் போக்கு கடுமையாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மஜ்ஜை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதன் நிழல் அது. ஆனால் ஒரு சளிக்காய்ச்சலும், ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் அந்த எண்களை மாற்றிவிடும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கலங்க வேண்டாம்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். கீமோவுக்குப் பிறகு “கவுண்ட் இறங்கிடுச்சு” என்று போடும் ஊசி இருக்கிறதே, அது இதே ஜி-சிஎஸ்எஃப்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு யாரும் அந்த ஊசியை மறுத்துவிடாதீர்கள். கவுண்ட் அடியோடு இறங்கிய நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடக்கூடும். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்ல வேண்டியது.

மறுக்க வேண்டியது வேறொன்று. ஸ்டெம் செல் ஏற்றினால் மார்பகப் புற்று கரைந்துவிடும், லட்சங்கள் கொண்டுவாருங்கள் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். ரத்த ஸ்டெம் செல் மாற்றுக்கு இந்தியாவில் அங்கீகாரம் இருப்பது ரத்த நோய்கள் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்குத்தான், 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்க முடியும், அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. அழைத்தவரிடம் ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கொடுத்தால், அந்த எண்ணை உங்கள் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.