வியாதி வந்த பின் வைத்தியரைத் தேடலாமா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



கொள்ளைநோய் ஏன் வருகின்றது என்று கேட்டால் சிலர் சாமி குற்றம் என்பார்கள். சிலர் தலைவிதி என்பார்கள். படித்தவர்கள் கிருமியால் வருகின்றது என்பார்கள். கிருமியால் வருவது உண்மைதான். ஆனால் நான் கேட்பது வேறு. ஒரே கிருமி, ஒரே வருஷத்தில், ஒரு நாட்டில் 8 பேர் சாவோடு நின்றுவிடுவதும், இன்னொரு நாட்டில் ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போவதும் ஏன்? கிருமி ஒன்று. கடவுள் என்று ஒருவர் இருப்பாரேயானால் அவரும் ஒருவர்தானே? பின் வித்தியாசம் எங்கே இருக்கின்றது?

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள். 2013 டிசம்பரில் கினி நாட்டில் மெலியாண்டு என்னும் காட்டோரக் கிராமத்தில் ஒரு சிறு குழந்தை செத்தது. பிறகு அந்த வீட்டார் செத்தார்கள். வைத்தியம் பார்த்தவர்களும் செத்தார்கள். அது எபோலா என்று தெரிந்தது எப்பொழுது? 2014 மார்ச்சில்! நோயாளிகளின் இரத்தத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் நோய் ஊர் ஊராய் நடந்து, லைபீரியா, சியரா லியோன் ஆகிய பக்கத்து நாடுகளுக்கும் போயிற்று. 2016-ல் அடங்குவதற்குள் 28,000-க்கு மேற்பட்டவர்களைப் பிடித்து, 11,000-க்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

எபோலா காற்றில் பறந்து வருவதல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, பேதி இவை பட்டால் தொற்றும். பிணத்தைத் தொட்டாலும் தொற்றும். கையுறையும் சோப்பும் தண்ணீரும் தனி அறையும் இருந்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியதுதான். ஆனால் லைபீரியாவில் என்ன இருந்தது? 2003 வரையில் உள்நாட்டுச் சண்டை. அது முடிந்து பத்து வருஷத்திற்குப் பிறகும் சுமார் 40 லட்சம் மக்களுக்குச் சுமார் 50 டாக்டர்கள்! கையுறை இல்லாமல் நோயாளியைத் தொட்ட நர்சுகள் முதலில் செத்தார்கள். மூன்று நாடுகளிலும் வைத்திய ஊழியர்களில் மாத்திரம் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். நர்சு செத்தால் ஆஸ்பத்திரி மூடப்படும். மூடினால் பிரசவத்திற்கு வந்தவளும், மலேரியாக் காய்ச்சல்காரனும் சாகவேண்டியதுதானே?

மக்கள் மூடநம்பிக்கையால் கெட்டார்கள் என்று சிலர் சொல்லுவார்கள். அதில் உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். பிணத்தைத் தொட்டுக் குளிப்பாட்டும் சடங்கால் நோய் பரவிற்று. சியரா லியோனில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு அம்மாளின் சவ அடக்கத்திலிருந்து மாத்திரம் 365 சாவுகள் வரை கிளைத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் அந்த மக்களைத் திட்டினால் போதுமா? ஆயுள் முழுதும் ஒரு டாக்டரையும் கண்டறியாதவன், முகமூடி போட்டுக்கொண்டு திடீரென்று வந்து நின்றவனை எப்படி நம்புவான்? 2014 ஆகஸ்டில் லைபீரியாவின் தலைநகரில், வெஸ்ட் பாயிண்ட் என்ற ஏழைகள் சேரியைச் சர்க்கார் பட்டாளத்தை வைத்து வளைத்தது. கலகம் மூண்டது; ஒரு சிறுவன் குண்டடிபட்டுச் செத்தான். சுமார் பத்து நாளில் காவலை எடுத்துவிட்டார்கள். நர்சு போகாத தெருவுக்குத் துப்பாக்கி போயிற்று, பலன் என்ன? பிற்பாடு, சொந்தக்காரர்கள் எட்ட நின்று பார்க்கவும் தொழவும் இடங்கொடுத்து, பிணத்தைப் பயிற்சி பெற்றவர்கள் புதைத்தபோது மக்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இனி நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஜூலை 20-ந் தேதி லைபீரியாவிலிருந்து ஒரு நோயாளி விமானத்தில் லாகோஸ் நகரத்தில் இறங்கினார். கோடிக்கு மேல் ஜனம் நெருங்கி வாழும் பட்டணம்! அவரை வெளியே விடும்படி வற்புறுத்தியும் விடாமல் தடுத்தவர் அமெயோ அடடெவோ என்னும் பெண் டாக்டர். அந்த நோயே பற்றி ஆகஸ்டில் அவர் உயிர் விட்டார். நைஜீரியா பணக்கார நாடல்ல. ஆனால் போலியோவை ஒழிக்க வீடு வீடாய்ப் போய்ப் பழகிய ஆட்களும், அவர்களை நடத்தும் ஒரு நிலையமும் அங்கே முன்னமே இருந்தன. அந்தப் படையை அப்படியே இதன் மேல் திருப்பினார்கள். நோயாளிகளோடு பழகிய சுமார் 890 பேரைத் தேடிப்பிடித்து, 18,000 தடவைக்கு மேல் நேரில் போய்ப் பார்த்தார்கள். நோய்கண்டவர் 20 பேர். இறந்தவர் 8 பேர். அக்டோபர் 20-ந் தேதி நோய் நீங்கிற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது.

தோழர்களே! வித்தியாசம் எங்கே என்று இப்பொழுது தெரிகின்றதல்லவா? வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டியவர்கள் ஒரு பக்கம். கிணறு வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம். கிராமத்தில் மாதச் சம்பளம் தவறாமல் பெறும் ஒரு நர்சு, ஜில்லாவில் ஒரு சோதனைச்சாலை, அலமாரியில் கையுறையும் சோப்பும், சந்தேகச் சாவு நடந்தால் மறுநாளே மேலே சேதி போகும் ஏற்பாடு: இவை ஆபத்துக் காலத்துக்கென்று தனியாய்ச் செய்யும் காரியமல்ல, தினப்படி காரியம். தினமும் ஓடாத வண்டி, அவசரத்துக்கு மாத்திரம் எப்படி ஓடும்?

ஊர் பாதி செத்த பிறகு கப்பலில் வந்திறங்கும் உதவிக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது தருமம். ஒருவரும் சாகாத காலத்தில் நம் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டரும் மருந்தும் இருக்கவேண்டும் என்று கேட்பது உரிமை. சாதாரண நாளில் உரிமையைக் கேட்காதவன், ஆபத்து நாளில் தருமத்துக்குக் கையேந்தத்தான் வேண்டும். இதை நீங்கள் நன்றாய் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கின்றேன்.